செட்டு மாமா

என் அக்காவின் கணவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் தொழிலும் குடித்தனமும் நடத்திவிட்டார். நான் இங்கிலீஷ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன். அவரிடம் வண்டி ஓட்டுகிறேன். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் குத்திக்காட்ட வழியில்லாமல் போகும் என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

மாமா பல் கட்டுகிறவர். பல் டாக்டர் இல்லை. அவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஆள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து வைத்திருப்பார்கள். நான் போய் அதை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டுக் கொண்டுவருவேன். மாமா அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றுவார். இறுகியதும் பிரித்தால் யாரோ ஒருவரின் ஈறும் மேல்வாயும் வெள்ளை வெளேரென்று கையில் இருக்கும். அதன் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, பிறகு மெழுகு இருந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக்கை அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றித் தருவார். முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் வாய்களுக்குப் பல் கொடுத்திருப்பாரோ தெரியாது. அதில் ஒரு வாயைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. பிளாஸ்டரைத்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டின் முன்னறைதான் லேப். ஜன்னலை ஒட்டி ஒரு நீளமான பலகை, அதன் முனையில் மோட்டார், மூலையில் கை கழுவும் தொட்டி. தொட்டியில் பிளாஸ்டர் அடைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை தண்ணீர் நிற்கும். அக்ரிலிக் திரவத்தின் வாசனை சமையலறை வரை போகும். கல்யாணமான புதிதில் அக்காவுக்கு அந்த வாசனை குமட்டுமாம். மாமா அப்போது சொன்ன பதிலில்தான் அந்த வார்த்தையை அக்கா முதன்முதலாகக் கேட்டாள்.

"ஒரு மாசத்துல செட் ஆயிடும்."

ஆகிவிட்டதுதான். பிறகு அவள் ஊருக்குப் போனால் அந்த வாசனை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்பாள்.

செட். அதுதான் அந்த வார்த்தை. பல் செட் என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டார் மனிதர். மெழுகில் பல் நிறுத்துவது செட் பண்ணுவது. பிளாஸ்டர் இறுகுவது செட் ஆவது. கத்தியும் பிரஷ்ஷும் கரண்டியும் சேர்ந்தால் ஒரு செட். அவரோடு தொழில் பழகியவர்கள் எல்லாம் "எங்க செட்டு". புதுச்செருப்பு காலுக்கு செட் ஆகவில்லை. குளிர்காலம் உடம்புக்கு செட் ஆகவில்லை. ஆடுகிற நாற்காலிக்கு அடியில் அட்டை மடித்து வைத்து செட் பண்ணுவார். மகளுக்கு நல்ல இடம் செட் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் யாரையோ செட் பண்ணி எங்கள் வாசலில் வண்டி நிறுத்துகிறார். காலையில் எழுந்து சீப்பை எடுத்தால் முடி செட் ஆகவில்லை; அதற்கு முடி இருந்தால்தானே என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். டாக்டர்கள் வட்டாரத்தில் அவருக்குச் செட்டு என்றே பெயர். வீட்டில் அக்கா உட்பட எல்லோரும் முதுகுக்குப் பின்னால் செட்டு மாமா என்போம். அக்கா முகத்துக்கு நேரேயும் சொல்வாள்.

வண்டியில் வைத்திருக்கும் டெலிவரி நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் வாயிலிருந்து புதிதாக ஒரு உபயோகம் வரும்போதெல்லாம் நான் குறித்துவைத்தேன். படித்த படிப்புக்கு வேறு வேலை கிடைக்காதவனின் பொழுதுபோக்கு. முப்பத்தேழு வரை வந்திருந்தது. ஒருநாள் கல்லூரி நாளில் வாங்கிய தடித்த அகராதியைத் தூசி தட்டி எடுத்து அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போனது. சூரியன் அடைவது, மோதிரத்தில் கல் பதிப்பது, பொறி வைப்பது, பாட்டுக்கு மெட்டு அமைப்பது, பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, முறிந்த எலும்பை நேராக்கி வைப்பது. எல்லாவற்றுக்கும் அதே மூன்றெழுத்து. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"உடைஞ்ச எலும்பு கூடுறதும் இதுதானா?"

"ஆமா மாமா, புக்குலயே போட்டிருக்கான்."

"அப்ப நான் சரியாத்தான் பேசிட்டிருக்கேன். நீதான் சிரிக்கிறே."

"போச்சு," என்றாள் அக்கா. "புக்குல வேற போட்டுட்டாங்களா? இனிமே இவரைக் கையில பிடிக்க முடியாது."

ஆனால் மாமா அதிகம் சொல்கிற ஒன்று அந்த அகராதியில் இல்லை. "விடு, செட் ஆயிடும்." பிளாஸ்டரிலிருந்து வந்த பழக்கம் அது. ஊற்றிவிட்டால் நாற்பது நிமிஷம் கை வைக்கக் கூடாது. பொறுமையில்லாமல் பிரித்தால் முன்பல் முறிந்து அச்சோடு போய்விடும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அந்த நாற்பது நிமிஷத்தின் வேலை. மாமா அதை வீட்டுக்கும் நீட்டிவிட்டார். மாமியார் மருமகள் சண்டையா, விடு, செட் ஆயிடும். மகள் விடுதியிலிருந்து அழுதுகொண்டே போன் செய்கிறாளா, விடு, செட் ஆயிடும். எனக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோய் நான் மூன்று வாரம் சவரம்கூடச் செய்யாமல் கிடந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதையேதான் சொன்னார். எரிச்சலாக வந்தது. ஆனால் ஆனது. பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் ஆனது. அதுதான் பிற்பாடு வினையாகப் போயிற்று.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபின் போன் அவள் கையில்தான். பதினோரு கிளினிக்குகளுக்கும் லேப் என்றால் அவள் குரல்தான். எந்த டாக்டர் எந்த நேரத்தில் சிடுசிடுப்பார், யாரிடம் இரண்டு நாள் தள்ளிக் கேட்கலாம், யாரிடம் முடியாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மாமா போனைக் கையில் எடுத்தால் "ம்" என்பதைத் தவிர வேறு வராது. "நான் வாயை மூடினா இந்த லேபை மூடவேண்டியதுதான்" என்று அவளே சொல்வாள். வாய் கொஞ்சம் அதிகம்தான் என் அக்காவுக்கு. நாங்கள் எல்லோரும் அதில் காலம் தள்ளினோம்.

அவளுக்கு மேல்வரிசையில் வலப்பக்கம் இரண்டு பல் இல்லை. மாமா ஒரு சின்ன பிளேட் செய்து கொடுத்திருந்தார். மேல்வாயில் ஒட்டி உட்காருகிற ரோஸ் தகடு, அதன் ஓரத்தில் இரண்டு பல். ஏழெட்டு வருஷமாகப் போட்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது மேல்வாயில் ஒரு இடம் எரிகிறது என்றாள். பிளேட் உரசிப் புண்ணாவது இந்தத் தொழிலில் தினமும் கேட்கிற விஷயம். மாமா பிளேட்டை வாங்கி அந்த இடத்தை மோட்டாரில் லேசாகத் தேய்த்துக் கொடுத்தார்.

"ரெண்டு நாள்ல செட் ஆயிடும்."

ஆகவில்லை. மறுபடி தேய்த்தார். பத்து நாள் பிளேட்டையே போடாதே என்றார். போடாமல் இருந்தாள். பிறகு பழைய பிளாஸ்டரை வைத்தே புதிதாக ஒரு பிளேட் செய்தார். இப்படியே மூன்று மாதம் போனது.

இதே பலகைக்குப் பக்கத்தில் நான் டெலிவரிக்கு டப்பா அடுக்கிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது.

"இது பிளேட் கடிச்ச புண்ணு இல்லைங்க. பிளேட் போடாதப்பவும் வலிக்குது."

"புண்ணு ஆறுறப்ப அப்படித்தான் இருக்கும்."

"யாராவது ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேனே. தம்பி தினம் போறான்ல, அவன் பின்னாடி உக்காந்து போயிட்டு வந்துடறேன்."

மாமா மெழுகுக் கத்தியைத் தீயில் காட்டிக்கொண்டே சொன்னார். "நம்ம பிளேட்டு நம்ம வீட்டு வாயிலயே செட் ஆகலைன்னு போய்ச் சொல்லணுமா? நாளைக்கு எவன் நமக்கு அச்சு அனுப்புவான்? விடு. செட் ஆயிடும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன். தினமும் பதினோரு டாக்டர்களின் வாசலில் போய் நிற்கிறவன் நான். ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் சொல்கிறார், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். மாமாவின் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல் வரவேண்டியது.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் அக்கா வாய் கொப்பளிக்கும்போது, ஆட்டமே இல்லாமல் இருந்த பக்கத்துக் கடைவாய்ப்பல் தானாகக் கழன்று கையில் விழுந்தது. ரத்தம்கூட அதிகம் வரவில்லையாம். அவள் அதை மாமாவிடம் காட்டவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்கு வந்து, "வண்டியை எடு" என்றாள். முதல் கிளினிக்கில் டாக்டர் அவள் வாயைப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று அவளைக் கேட்டார். அக்கா சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "செட்டு வீட்டுலயா?" என்றார்.

புற்றுநோய். வலப்பக்க மேல்தாடையையும் மேல்வாயில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, முழுவதும் எடுத்துவிட்டோம், தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு எடுத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் ஒரு டாக்டர் சொன்னார். மாமா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அசைவே இல்லை. கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு அந்த டாக்டர் இன்னொரு தரம் சொன்னார்.

மேல்வாய் இல்லையென்றால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவர் இல்லை. குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது. பேச்சும் அப்படியே. வல்லினம் எல்லாம் மெல்லினமாகிவிட்டது. க ங ஆனது, ட ண ஆனது, ப ம ஆனது. சின்ன வயதில் சிலேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப் பழகின எழுத்துகள், அவள் வாயில் ஒன்றாகவே ஆகிவிட்டன. பால் வேண்டும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். துப்புரவுக்கு வந்த பெண் புரியாமல், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், சிரித்துவிட்டாள். அதோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். தற்காலிகமாக ஒரு தகடு வைத்திருந்தார்கள். சாப்பிட ஓரளவு உதவியது. பேச உதவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லேபின் ஆர்டர் சீட்டுக்கட்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு எழுதுவாள். மகள் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு, வண்டியை எடுக்கச் சொல்லி, காரசாரமாக எழுதினாள். மாமாவுக்கு மட்டும் ஒரு சீட்டுகூட எழுதவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுவாள். அவர் கேட்டால் தலையை ஆட்டுவாள். கோபமாகவும் இல்லை. அவர் துணியைத் துவைத்தாள், நேரத்துக்குத் தட்டு வைத்தாள். எழுத மட்டும் மாட்டேன் என்றிருந்தாள்.

மாமா வாயிலிருந்து அந்த வார்த்தையும் போனது. நான் உடனே கவனிக்கவில்லை. ஒருநாள் பிளாஸ்டர் ஊற்றிய மாடலைக் காட்டி, "இறுகிடுச்சா பாரு" என்றார். எனக்கு யாரோ வெளியாள் பேசியது போல் இருந்தது. பல் செட்டை "பல்வரிசை" என்றார். பில்லில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து டாக்டர்கள் குழம்பினார்கள். நாற்காலி ஆடியது, ஆடட்டும் என்று விட்டுவிட்டார். என் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் நிரந்தரமான தகடு செய்யலாம் என்றார்கள். மேல்வாய்க்குப் பதிலாக ஒரு பிளேட், அதன் மேல் அந்தப் பள்ளத்துக்குள் போய் அடைக்கிற ஒரு குமிழ். அதைச் செய்கிற பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மாமா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அச்சு நீங்க எடுங்கம்மா. வேலையை என்கிட்ட குடுங்க."

"சொந்தக்காரங்களுக்குச் செய்யறப்ப கை நடுங்கும். வேண்டாமே," என்றார் டாக்டர்.

"நடுங்கினா நானே சொல்லிடறேன். வேற ஆள்கிட்ட குடுத்துடுங்க."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா சீட்டில் எழுதி நீட்டினாள்: *அவரே செய்யட்டும்.* டாக்டருக்கு எழுதியதுதான். மாமா அதை எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

அந்த அச்சை நான்தான் கொண்டுவந்தேன். ஆயிரம் அச்சு சுமந்தவன் நான். வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. டப்பாவைத் திறந்து ஈரத்துணியை விலக்கியதும் மாமா கொஞ்ச நேரம் கையே வைக்கவில்லை. அச்சில் எல்லாம் தலைகீழாக இருக்கும். வாயில் பள்ளம் என்றால் அச்சில் மேடு. ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டிவைத்தது போல் மேடு. தன் பெண்டாட்டிக்கு என்ன போனது என்பதை மாமா அன்றுதான் முழு அளவில் பார்த்தார்.

பிளாஸ்டர் ஊற்றினார். வழக்கமாக ஊற்றியதும் டீ குடிக்கப் போய்விடுவோம். அன்று அவர் நகரவில்லை. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூடு ஏறி, பிறகு ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே சொன்னார்.

"உங்க அக்கா அஞ்சு மாசம் சொன்னா, மாப்ள."

நானும் இருந்தேனே மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து டப்பாவில் போட்டு மூடினேன்.

முதலில் செய்த தகடு கனமாக இருந்து கீழே இறங்கிவிட்டது. இரண்டாவதில் குமிழை உள்ளே வெற்றிடமாக விட்டுச் செய்தார், எடை பாதியானது. போட்டுத் தண்ணீர் குடித்தாள். நாலாவது மடக்கில் மூக்கில் வடிந்தது. அவள் துடைத்துக்கொண்டு தகட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். மாமா பார்வையைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டார். அச்சு மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மற்ற வேலைகளெல்லாம் தேங்கின. இரண்டு கிளினிக்குகள் வேறு லேபுக்குப் போய்விட்டன. போனில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சமாளித்தேன். அக்கா குரல் இல்லாமல் அந்த போனுக்கு உயிரே இல்லை.

மூன்றாவது தகடு ஒழுகவில்லை. நான்கு நாள் போட்டிருந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் முன்னறைக்கு வந்து, கன்னத்தின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினாள். தகட்டின் விளிம்பு படுகிற இடம். மாமா கையிலிருந்த வேலையை அப்படியே போட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "உரசல்தான், விளிம்பைக் கொஞ்சம் குறைச்சா போதும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்.

"நிச்சயமாம்மா?"

"நிச்சயம்."

"வேற ஒண்ணும் இல்லையே? சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கவேண்டாமா?"

"வேண்டாம்ங்க."

வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய் மூன்றாவது தரமும் கேட்டார். டாக்டர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றாவது ஒரு சீட்டு எழுதுவாள் என்று நினைத்தேன். எழுதவில்லை.

அந்த மூன்றாவதிலும் பேச்சு முழுசாக வரவில்லை. குமிழின் பின்னோரத்தில் மயிரிழை அளவுக்கு இடைவெளி இருக்கிறது, காற்று போகிறது என்றார் டாக்டர். தண்ணீர் நிற்கிற இடத்தில் காற்று நிற்காதாம். பரவாயில்லை, இவ்வளவு வருவதே பெரிய விஷயம், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாமா கேட்கவில்லை. நான்காவது செய்ய உட்கார்ந்தார்.

"போதும் மாமா," என்றேன் நான். "சாப்பாடு இறங்குது. பேசினா அரைகுறையா புரியும். டாக்டரே போதும்ங்கறாங்க."

"அரைகுறையா எதுக்குப் பேசணும் அவ?"

"பேசினா முதல்ல உங்களைத்தான் பேசுவா. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கப் போறா." கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே கிண்டல் போய்விட்டது.

மாமா குமிழின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அதுக்குத்தான் செய்யறேன்," என்றார்.

நான்காவது தகட்டைப் பொருத்தியது ஒரு வியாழக்கிழமை. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். குனிந்து குடிக்கச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. பிறகு, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல, "பாப்பா சொல்லுங்க. தாத்தா சொல்லுங்க. காக்கா சொல்லுங்க" என்றார். அக்கா உதட்டைச் சேர்த்து மூடிக்கொண்டு தலையாட்டினாள். மாட்டேன் என்று. டாக்டர் இன்னும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, பழக நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. இதுவும் போயிற்று என்று நினைத்திருப்பார். அக்காவை நான் வண்டியில் கூட்டிவந்தேன். வழியில் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. சிக்னலில் நின்று திரும்பினால் வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

மாமா பஸ்ஸில் வந்து சேர்ந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து மோட்டாரைப் போட்டார். யாருடைய பல்வரிசையோ, இரண்டு வாரமாகத் தாமதமானது. நான் கதவோரம் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தேன். மணி நாலு இருக்கும். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் சீட்டுக்கட்டு இல்லை. மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள். அது சுற்றி நிற்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"பிளேட் கடிச்ச புண்ணு இல்லைன்னு சொன்னேன்," என்றாள்.

ஒவ்வொரு எழுத்தும் முழுசாக வந்தது. ப ப ஆகவும், க க ஆகவும். ஒன்பது மாதம் கழித்து என் அக்காவின் குரல். எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

மாமா எழுந்து நின்றார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"போடாதப்பவும் வலிக்குதுன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட காட்டட்டுமான்னு கேட்டேன். தம்பியை வச்சுக்கிட்டே கேட்டேன்." என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதுமானதாக இருந்தது எனக்கு. "இதை எழுதிக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. எழுதினா நீங்க படிச்சுட்டு மடிச்சு வச்சுடுவீங்க. வாயால சொல்லணும்னு இருந்தேன். நேத்து வரைக்கும் வாய் இல்லை."

மாமா கழற்றிய மாஸ்க்கைப் பலகையில் வைத்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் மாமா.

"தெளிவா கேட்டுச்சா?"

"தெளிவா கேட்டுச்சு." பிளாஸ்டர் படிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டார். "அப்பவும் கேட்டுச்சு."

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஒன்பது மாதமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மாமாவுக்கும் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. அந்த நிலைமையிலும் மனிதர் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் உடைந்து, தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"ட மட்டும் லேசா மூக்குல வருது. கழட்டிக் குடு, பின்னாடி ஓரத்துல இன்னொரு சுத்து வச்சுத் தரேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த ஆடுகிற நாற்காலிதான்.

"இருங்க," என்றாள். "நான் இன்னும் பேசி முடிக்கல."